கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுதல்: கணிப்பொறி முறைகள் பற்றி ஒரு மதிப்பீடு

வாசகர்களே, 2021-ஆம் ஆண்டு நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கங்கரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாக இணைக்கப்பட்டன. பத்து அலுவலகங்கள் இருந்த இடத்தில் ஒரே மாநகராட்சி. அதற்குள் 5 மண்டலங்கள், 70 வார்டுகள்.

இது புதுமையும் அன்று. 2011-இல் சென்னை மாநகராட்சி விரிந்தபோது 155 வார்டுகள் 200 ஆயின. ஆலந்தூர், பெருங்குடி, சோழிங்கநல்லூர் முதலியன அதற்குள் வந்தன. 2019-இல் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கற்பட்டு மாவட்டம் பிரிந்தது. தென்சென்னைப் புறநகரில் எல்லைக்கோடுகள் இப்படி அடிக்கடி இடம்பெயர்கின்றன.

பெயர்ப்பலகையை மாற்ற ஒரு நாள் போதும். ஆனால் எந்தப் பணியாளர் எந்தச் சொத்துவரிக் கணக்கைத் திறக்கலாம், யார் திருத்தலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்பதையும் மாற்றியாக வேண்டுமே! அதை எப்படிச் செய்வது? பழைய அனுமதிகளை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவதா? அல்லது மாறியவற்றை மட்டும் சிறிது சிறிதாகத் திருத்துவதா? தாம்பரத்தில் கையாளப்பட்ட முறையை ஆராய்வது நம் நோக்கமன்று. இத்தகைய மாற்றம் வரும்போது கணிப்பொறி நமக்குத் தரும் முறைகள் எத்தகையவை, அவற்றின் நிறை குறைகள் யாவை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சாவியும் அனுமதியும்

தடித்த அட்டை போட்ட பதிவேடுகள் இருந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். பதிவேடு இரும்பு பீரோவில் இருக்கும். சாவி எழுத்தரிடம் இருக்கும். அவர் மாற்றலாகிச் செல்லும்போது சாவியை ஒப்படைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். மறுநாள் அவர் நினைத்தாலும் அந்தப் பீரோவைத் திறக்க முடியாது. சாவி என்பது ஒரு பொருள். ஒருவர் கையை விட்டுப் போனால்தான் அது அடுத்தவர் கைக்கு வரும்.

கணிப்பொறியில் உள்ள அனுமதி அப்படிப்பட்டதன்று. அதை ஒருவருக்குக் கொடுத்தால் கொடுத்தவருக்குக் குறைவதில்லை. பத்துப் பேருக்குக் கொடுத்தாலும் குறைவதில்லை. மாற்றலாகிப் போகிறவர் திரும்பக் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை. ஆகவே யாராவது நினைவு வைத்துக்கொண்டு அதை நீக்கினால்தான் உண்டு. கணிப்பொறி அனுமதியின் தொல்லைகள் பலவும் இந்த ஒரு வேற்றுமையிலிருந்தே முளைக்கின்றன.

அனுமதி எங்கே எழுதப்படுகிறது?

1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்ற கணித அறிஞர், எல்லாத் தகவல்களையும் அட்டவணைகளாகவே வைக்கலாம் என்ற கருத்தை வெளியிட்டார். ஓர் அட்டவணையில் நிரைகளும் நிரல்களும் இருக்கும். சொத்துவரி அட்டவணையில் ஒரு நிரை என்பது ஒரு வீடு. நிரல்கள் என்பன வார்டு எண், கதவு எண், உரிமையாளர் பெயர், செலுத்த வேண்டிய தொகை போன்றவை. இவ்வகை அட்டவணைகளின் தொகுதிக்கு உறவுமுறைத் தரவுத்தளம் என்று பெயர்.

இதில் ஓர் அழகு உண்டு. யாருக்கு என்ன அனுமதி என்பதும் இன்னோர் அட்டவணையே! அதில் ஒவ்வொரு நிரையும் 'இன்னாருக்கு, இன்ன அட்டவணையில், இன்னது செய்யலாம்' என்று சொல்லும். செய்யக்கூடியவை முக்கியமாக நான்கு: பார்த்தல், சேர்த்தல், திருத்துதல், நீக்குதல். நிரை இருந்தால் அனுமதி உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஐயம் வந்தால் கதவு மூடியே இருக்கவேண்டும் என்பது 1975-இல் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இருவர் தொகுத்துச் சொன்ன பாதுகாப்புக் கொள்கைகளில் ஒன்று. ஒருவருக்கு அவர் வேலைக்குத் தேவையான அளவுக்கு மேல் அனுமதி கூடாது என்பது அவர்கள் சொன்ன மற்றொன்று.

ஆக, அனுமதியை மாற்றுவது என்பது ஓர் அட்டவணையில் சில நிரைகளைச் சேர்ப்பதும் நீக்குவதும்தான். கேட்பதற்கு எவ்வளவு எளிதாக இருக்கிறது! ஆனால் அறிஞர்களே இதில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள்.

1976-இல் ஒரு விதி, 1978-இல் ஒரு திருத்தம்

அதே சான் ஹோசே ஆய்வகத்தில் 'சிஸ்டம் ஆர்' என்ற சோதனைத் தரவுத்தளம் உருவானபோது, பாட்ரீஷியா கிரிஃபித்ஸ், பிராட்ஃபோர்ட் வேட் ஆகிய இருவரும் அனுமதி வழங்கும் முறை ஒன்றை வகுத்து 1976-இல் வெளியிட்டார்கள். இன்றைய எஸ்.க்யூ.எல். மொழியில் உள்ள 'கிராண்ட்', 'ரிவோக்' என்ற இரு கட்டளைகளுக்கும் வேர் அங்கே இருக்கிறது. முன்னது கொடுப்பது, பின்னது திரும்பப் பெறுவது.

அம்முறையின் சிறப்பு, அனுமதியோடு 'பிறருக்கும் வழங்கும் அதிகாரத்தையும்' சேர்த்துக் கொடுக்கலாம் என்பது. ஆணையர் வருவாய் அலுவலருக்குக் கொடுக்கலாம். அவர் உதவியாளருக்குக் கொடுக்கலாம். உதவியாளர் பில் கலெக்டருக்குக் கொடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஆணையரிடம் ஓட வேண்டியதில்லை. அலுவலகம் நடப்பது இப்படித்தானே!

சரி, ஆணையர் வருவாய் அலுவலரிடமிருந்து அனுமதியைத் திரும்பப் பெற்றால், கீழே உள்ளவர்கள் கதி என்ன? அவர்கள் வகுத்த விதி தெளிவானது: அந்த ஓர் அனுமதி கொடுக்கப்படவே இல்லை என்று வைத்துக்கொண்டால் அட்டவணை எப்படி இருந்திருக்குமோ, அப்படியே இப்போதும் இருக்கவேண்டும். ஆகவே அதைச் சார்ந்து கொடுக்கப்பட்டவை எல்லாம் சங்கிலிபோல் நீங்கும்.

இதற்கு நேர முத்திரை தேவைப்பட்டது. ஏன்? ஓர் எடுத்துக்காட்டு. ஆணையர் 1-ஆம் தேதி வருவாய் அலுவலருக்குக் கொடுக்கிறார். அவர் 5-ஆம் தேதி உதவியாளருக்குக் கொடுக்கிறார். உதவியாளர் 8-ஆம் தேதி அதே அனுமதியை வருவாய் அலுவலருக்கே திருப்பிக் கொடுத்து வைக்கிறார். இப்போது ஆணையர் தாம் கொடுத்ததைத் திரும்பப் பெறுகிறார். 'எனக்கு உதவியாளர் கொடுத்தது இருக்கிறதே' என்று அலுவலர் சொல்லலாம். 'எனக்கு அலுவலர் கொடுத்தது இருக்கிறதே' என்று உதவியாளர் சொல்லலாம். ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு இருவரும் அந்தரத்தில் நிற்பார்கள்! தேதியைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அலுவலருக்கு மிஞ்சியது 8-ஆம் தேதிய அனுமதி. அவர் 5-ஆம் தேதியே எப்படிப் பிறருக்குக் கொடுத்திருக்க முடியும்? ஆகவே உதவியாளரின் அனுமதி போகிறது. அதைத் தொடர்ந்து அலுவலரின் அனுமதியும் போகிறது.

எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! ஆயினும் இதில் ஓர் ஓட்டை இருந்தது. 1978-இல் ரொனால்ட் ஃபேகின் என்ற ஐ.பி.எம். அறிஞர் அதைக் கண்டுபிடித்தார். ஒருவர் மற்றொருவருக்கு ஒரே அனுமதியை இரண்டாம் முறை கொடுத்தால், பழைய முறை அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளாது. 'முன்பே இருக்கிறதே, பிறகு எதற்கு?' என்பது அதன் எண்ணம். விளைவைப் பாருங்கள்.

1-ஆம் தேதி ஆணையர் வருவாய் அலுவலருக்குக் கொடுக்கிறார். 5-ஆம் தேதி அலுவலர் பில் கலெக்டருக்குக் கொடுக்கிறார். 10-ஆம் தேதி ஆணையர் துணை ஆணையருக்குக் கொடுக்க, 12-ஆம் தேதி துணை ஆணையரும் வருவாய் அலுவலருக்குக் கொடுக்கிறார். 15-ஆம் தேதி வருவாய் அலுவலர் பில் கலெக்டருக்கு மறுபடியும் கொடுக்கிறார்; இது குறிக்கப்படவில்லை. இப்போது ஆணையர் தமது 1-ஆம் தேதி அனுமதியைத் திரும்பப் பெறுகிறார். வருவாய் அலுவலரிடம் துணை ஆணையர் 12-ஆம் தேதி கொடுத்தது மிஞ்சுகிறது. பில் கலெக்டரிடம் ஏட்டில் இருப்பதோ 5-ஆம் தேதிய அனுமதி. அது 12-க்கு முந்தியது, ஆகவே செல்லாது. அவர் வேலையிழந்து நிற்கிறார். உண்மையில் 15-ஆம் தேதி முறையாகக் கொடுத்த அனுமதி அவருக்கு இருந்தது. ஏடுதான் அதை மறந்துவிட்டது.

ஒருவர் கொடுத்த ஒவ்வொரு தடவையையும் தனித்தனியே குறித்து வைக்கவேண்டும் என்பது ஃபேகினின் திருத்தம். அப்படிச் செய்தால் முறை எப்போதும் சரியாகவே நடக்கும் என்று அவர் கணித முறையில் நிறுவியும் காட்டினார்.

வாசகர்களே, இந்தச் சிறிய வரலாறு சொல்லும் பாடத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். சரியாகத் திரும்பப் பெற வேண்டுமானால், ஏன், யாரால், எப்போது கொடுக்கப்பட்டது என்ற நினைவு அழியாமல் இருக்கவேண்டும். மற்ற முறைகளையும் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

தரவிதிகளின் நிலை

1986-இல் எஸ்.க்யூ.எல். மொழிக்கு முதல் தரவிதி வகுக்கப்பட்டபோது அதில் கொடுக்கும் கட்டளை இருந்தது. திரும்பப் பெறும் கட்டளை இல்லை! மென்பொருள் நிறுவனங்கள் தத்தம் முறையில் அதை வைத்துக்கொண்டன. 1992-ஆம் ஆண்டுத் தரவிதியில்தான் அது இடம்பெற்றது. கொடுப்பதில் உள்ள ஆர்வம் திரும்பப் பெறுவதில் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1992-ஆம் ஆண்டு விதி நேர முத்திரையைக் கைவிட்டது. சங்கிலி அறுபடாமல் உரிமையாளர்வரை எட்டுகிறதா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. கணக்குப் போடுவதற்கு இது எளிது. அந்தரத்தில் நிற்கும் இருவரையும் இது கண்டுபிடித்துவிடும், ஏனெனில் அவர்கள் சங்கிலி உரிமையாளரை எட்டுவதில்லை. கீழுள்ளவர்களின் அனுமதியும் சேர்ந்து நீங்கட்டும் என்றோ, கீழே யாரேனும் இருந்தால் கட்டளையே நிறைவேறாமல் நிற்கட்டும் என்றோ நாம் தேர்ந்தெடுக்கவும் அது வழி செய்தது. இது பாராட்டத்தக்க ஏற்பாடு. கட்டளையிடும் முன் அதன் விளைவை எண்ணிப் பார்க்க அது நம்மைத் தூண்டுகிறது.

குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிராண்ட் கட்டளையில் 'எதுவரை' என்று சொல்ல இடமில்லை. மூன்று மாதத்துக்கு மட்டும் என்று கொடுக்க முடியாது. நம் மின்சார ரயில் சீசன் டிக்கெட்டைப் பாருங்கள். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. அதில் செல்லும் ஒருவர் வேலையை விட்டுவிட்டால், அவருடைய சீசன் டிக்கெட்டை யாரும் போய்ப் பிடுங்க வேண்டியதில்லை. அதில் அச்சிட்ட தேதி வந்ததும் அது தானாகவே செல்லாததாகிவிடும். மறதியையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அமைத்த ஏற்பாடு அது. தரவுத்தளத்தின் அனுமதிக்கோ காலவரம்பு கிடையாது; யாராவது நீக்கும் வரை அது இருந்துகொண்டே இருக்கும்.

அழித்து எழுதும் முறை

இதுவரை தரவுத்தளத்தின் சொந்தக் கட்டளைகளைப் பார்த்தோம். நடைமுறையில் பெரும்பாலான அலுவலக மென்பொருள்கள் அனுமதி அட்டவணை ஒன்றைத் தாமே தனியாக வைத்துக்கொள்கின்றன. திரையில் பணியாளர் பெயரும் அதன் கீழே டிக் போடும் கட்டங்களும் இருக்கும். மேலதிகாரி டிக் போட்டும் எடுத்தும் 'சேமி' என்ற பொத்தானை அழுத்துவார்.

அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது? பல இடங்களில் நடப்பது இது: அந்தப் பணியாளரின் எல்லா நிரைகளும் அழிக்கப்படுகின்றன, பிறகு திரையில் டிக் உள்ளவை எல்லாம் புதிதாக எழுதப்படுகின்றன. எழுதுவதற்கு இரண்டே கட்டளைகள். பிழை நேரவும் வாய்ப்புக் குறைவு. திரையில் காண்பதே ஏட்டில் இருக்கும். புதிதாக மென்பொருள் எழுதுவோர் இம்முறையை விரும்புவதில் வியப்பில்லை. இதன் எளிமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் குறைகள் நான்கு உண்டு.

முதலாவது, அழிப்பதற்கும் எழுதுவதற்கும் இடையே ஒரு கணம் அந்தப் பணியாளருக்கு ஓர் அனுமதியும் இருக்காது. அந்தக் கணத்தில் மின்சாரம் போனால் மறுநாள் காலை அவர் கவுண்டரில் கைகட்டி உட்கார வேண்டியதுதான். இதற்கு மருந்து உண்டு. இரண்டு கட்டளைகளையும் ஒரே 'டிரான்சாக்ஷன்' ஆகக் கட்டிவிட்டால், இரண்டும் நடக்கும் அல்லது இரண்டும் நடக்காது.

இரண்டாவது, வீண் வேலை. ஓர் அலுவலகத்தில் 500 பணியாளர், ஆளுக்கு 20 அனுமதிகள் என்று கொள்வோம். மொத்தம் 10,000 நிரைகள். மாறியவை 30 மட்டுமே என்றாலும், எல்லோர்க்கும் ஒருசேர அழித்து எழுதினால் 10,000 நீக்கமும் ஏறக்குறைய 10,000 சேர்க்கையும் நடக்கும். பின்னர்த் தணிக்கைக்கு வருகிறவர் அந்த 20,000 மாற்றங்களுக்குள் உண்மையான 30-ஐ எங்கே தேடுவார்?

மூன்றாவது, நினைவு அழிகிறது. ஐந்தாண்டுக்கு முன் கொடுத்த அனுமதியும் நேற்றுக் கொடுத்த அனுமதியும் இன்றைய தேதியையே தாங்கி நிற்கும். கொடுத்தவர் பெயரும் இன்று பொத்தானை அழுத்தியவர் பெயராகிவிடும். ஃபேகின் கற்றுக்கொடுத்த பாடம் இங்கே காற்றில் போகிறது.

நான்காவது குறைதான் மிகக் கொடியது. தென்சென்னைப் புறநகரில் நான் அறிந்த ஓர் அலுவலகம் உண்டு, பெயர் வேண்டாம். அங்கே காலை பத்து மணிக்கு மேலதிகாரி ஒருவர் ஓர் எழுத்தரின் அனுமதித் திரையைத் திறந்தார். அதில் 'கணக்கைத் திருத்தலாம்' என்ற கட்டத்தில் டிக் இருந்தது. இதற்குள் தொலைபேசி வர, அவர் எழுந்து சென்றுவிட்டார். பத்தரை மணிக்கு வேறோர் அதிகாரி, தக்க காரணத்தோடு, அதே எழுத்தரின் திருத்தும் அனுமதியை நீக்கிச் சேமித்தார். பதினொரு மணிக்கு முதல் அதிகாரி திரும்பி வந்து, தம் திரையில் 'குடிநீர்க் கணக்கைப் பார்க்கலாம்' என்ற ஒரு டிக்கைக் கூடுதலாகப் போட்டுச் சேமித்தார். அவர் திரையில் இருந்தது பத்து மணி நிலவரம். பத்தரை மணிக்கு நீக்கப்பட்ட அனுமதி பதினொரு மணிக்கு உயிர்பெற்று எழுந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை; எழுத்தருக்கும் தெரியாது. வேறொரு வேலைக்காகப் பட்டியலைப் பார்த்தபோதுதான் அது வெளிவந்தது.

வித்தியாசத்தை மட்டும் எழுதும் முறை

மாற்றுவழி என்ன? பள்ளியில் கணங்களின் வித்தியாசம் படித்திருப்பீர்கள். 'எதற்கு இது?' என்று சலித்துக்கொண்டவர்களும் இருப்பீர்கள். அதற்குரிய இடம் இதுதான்.

பழைய அனுமதிகளின் கணம் ப என்க. புதிய கணம் பு என்க. பு-வில் இருந்து ப-வில் இல்லாதவற்றைச் சேர்க்கவேண்டும். ப-வில் இருந்து பு-வில் இல்லாதவற்றை நீக்கவேண்டும். இரண்டிலும் உள்ளவற்றைத் தொடவே கூடாது. எழுத்தருக்குச் சொத்துவரி பார்த்தல், சொத்துவரி திருத்துதல், பிறப்புச் சான்று பார்த்தல் ஆகிய மூன்று இருந்தன. இனி வேண்டியவை சொத்துவரி பார்த்தல், பிறப்புச் சான்று பார்த்தல், குடிநீர்க் கணக்குப் பார்த்தல். ஒன்று சேர்க்கை, ஒன்று நீக்கம், இரண்டு தொடப்படாதவை. தொடப்படாதவற்றின் தேதியும் கொடுத்தவர் பெயரும் அப்படியே நிலைத்திருக்கும். தணிக்கையாளர் பார்க்கவேண்டியதும் இரண்டே வரி.

இம்முறை சிறந்ததுதான். ஆனால் இதைக் கையாள்வோர் பலர் ஓர் இடத்தில் ஏமாறுகிறார்கள். பழைய கணம் என்பது எது? சேமிக்கும் நொடியில் ஏட்டில் இருப்பதா, அல்லது அதிகாரி திரையைத் திறந்தபோது கண்டதா?

நம் பதினொரு மணி அதிகாரியை மீண்டும் அழைப்போம். அவர் திரையிலுள்ள டிக்குகளைப் பதினொரு மணி ஏட்டோடு ஒப்பிட்டால், 'திருத்தும் அனுமதி திரையில் இருக்கிறது, ஏட்டில் இல்லை. ஆகவே சேர்' என்றுதான் விடை வரும். பேய் மறுபடியும் எழுந்துவிடும்! அவர் பத்து மணிக்குக் கண்டதோடு ஒப்பிட்டால், 'குடிநீரைச் சேர்' என்ற ஒன்று மட்டுமே விடை. அவர் செய்ய விரும்பியதும் அதுதானே? அவர் நோக்கம் எதுவோ அதுவே வித்தியாசம். இதனோடு, ஒவ்வொரு பணியாளரின் பட்டியலுக்கும் ஒரு பதிப்பெண் வைத்து, திறந்த பிறகு எண் மாறியிருந்தால் 'நீங்கள் பார்த்த பிறகு இப்பட்டியல் மாறியிருக்கிறது' என்று திரை எச்சரித்தால் இன்னும் நல்லது.

சிறிது சிறிதாகச் சேரும் தூசி

வித்தியாச முறைக்கு என் வாக்கை அளித்துவிட்டுக் கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் அது நேர்மையாகாது. இம்முறைக்கும் ஒரு நோய் உண்டு.

பெருங்களத்தூரில் பணியாற்றிய ஒருவர் பல்லாவரத்துக்கு மாற்றலாகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அவருக்குப் பல்லாவரக் கணக்குகள் திறக்காவிட்டால் அன்றே முறையிடுவார், அனுமதி சேர்க்கப்படும். பெருங்களத்தூர்க் கணக்குகள் இன்னும் திறக்கின்றன என்று அவர் முறையிடுவாரா? பிறகு செம்பாக்கத்துக்கு மாற்றல். மேலும் ஒரு சேர்க்கை. குறைவான அனுமதிக்குக் குரல் உண்டு. மிகையான அனுமதிக்குக் குரல் இல்லை. ஒவ்வொரு மாற்றமும் சரியாகவே இருந்தும், பத்தாண்டில் பட்டியல் பிழையாகிவிடுகிறது.

வாக்காளர் பட்டியலை நினைத்துப் பாருங்கள். பெயர் சேர்க்கப் படிவம் 6, நீக்கத்துக்குப் படிவம் 7, திருத்தத்துக்குப் படிவம் 8. இவை சிறுகச் சிறுகச் செய்யும் மாற்றங்கள். சேர்க்கக் கேட்டு ஆட்கள் வருவார்கள். இறந்தவர் வந்து தம் பெயரை நீக்கச் சொல்ல மாட்டார். அதனால்தான் சுருக்கமுறைத் திருத்தத்தோடு நில்லாமல், வீடு வீடாகச் சென்று பார்க்கும் தீவிரத் திருத்தம் என்ற ஒன்றும் தேர்தல் விதிகளில் வைக்கப்பட்டிருக்கிறது. அதிலும் ஆபத்து உண்டு என்பதை மறக்கலாகாது. முழுதும் புதிதாக எழுதும்போது, இருக்கவேண்டிய பெயர் விடுபட்டுப் போகலாம்; பிழையின் சுமை அப்பாவியின் தலையில் விழும்.

ஆக இரு முறைகளின் குணமும் விளங்குகிறது. சிறிது சிறிதாகத் திருத்துவது தூசியைச் சேர்க்கும். ஒரேயடியாக அழித்து எழுதுவது நல்லதையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளிவிடும்.

நாற்காலிக்கே அனுமதி

இதற்கு ஒரு வழியை 1992-இல் ஃபெராயோலோ, கூன் என்ற இரு அமெரிக்கர்கள் தெளிவாக வகுத்தார்கள். அனுமதியை ஆளுக்குக் கொடுக்காமல் பொறுப்புக்குக் கொடுக்கவேண்டும். ஆளைப் பொறுப்பில் அமர்த்தவேண்டும் என்பது அவர்கள் கருத்து. 'பில் கலெக்டர், 12-ஆம் வார்டு' என்ற நாற்காலிக்கு இன்னின்ன அனுமதி. நாற்காலியில் உட்காருபவருக்கு அவை வரும், எழுந்தால் போய்விடும். பழைய பீரோச் சாவியின் குணம் இதனால் ஓரளவு திரும்பிவிடுகிறது. 1999-ஆம் ஆண்டு எஸ்.க்யூ.எல். தரவிதியில் 'ரோல்' என்ற பெயரில் இது இடம்பெற்றது.

பத்து அலுவலகங்கள் ஒன்றாகும்போது இதன் பயனைக் காணலாம். நூற்றுக்கணக்கான ஆட்களின் பட்டியலைத் திருத்துவதற்குப் பதில், சில பத்து நாற்காலிகளின் பட்டியலைத் திருத்தினால் போதும். ஆனால் 'இவருக்கு மட்டும் ஒன்று கூடுதலாக' என்று விதிவிலக்குகள் சேரச் சேர நாற்காலிகளும் பெருகும்; ஆளுக்கொரு நாற்காலி என்ற நிலை வந்தால் பழைய கதைதான். எழுந்தவர் எழுந்துவிட்டார் என்று ஏட்டில் குறிப்பதும் மனிதர் செய்யவேண்டிய வேலையே.

முடிவு

என் மதிப்பீடு இது. அன்றாட மாற்றங்களுக்கு வித்தியாச முறையே தக்கது. அதிகாரி கண்டதோடு ஒப்பிட்ட வித்தியாசமாக அது இருக்கவேண்டும். தற்காலிகத் தேவைக்குக் கொடுப்பதை சீசன் டிக்கெட்டைப் போல முடிவுத் தேதியோடு கொடுக்கவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் முழுப் பட்டியலையும் பொறுப்பாளர் முன் வைத்து, 'இது இன்னும் தேவையா?' என்று ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டும். நீக்கும்போது நிரையை அழிக்காமல், 'இன்ன தேதியில் இன்னாரால் நீக்கப்பட்டது' என்று குறித்து வைக்கவேண்டும். யாருக்கு, எது, யார் கொடுத்தார், எப்போது, எதற்காக, எதுவரை என்ற ஆறு நிரல்கள் இல்லாத அனுமதி அட்டவணையை நான் அரைகுறை அட்டவணை என்றே சொல்வேன்.

இது மென்பொருள் எழுதுவோரின் வீட்டுக் கவலை மட்டுமன்று. நம் வீட்டுவரி, பட்டா, பிறப்புச் சான்று எல்லாம் இன்று இத்தகைய அட்டவணைகளில் இருக்கின்றன. தனிநபர் தகவல்களைப் பாதுகாக்கத் தக்க ஏற்பாடு செய்வது அவற்றை வைத்திருப்போர் கடமை என்று 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. மிஞ்சிப்போன ஓர் அனுமதியால் யாரோ ஒருவரின் கணக்கு கேட்பாரின்றித் திருத்தப்படலாம். தவறி நீக்கிய ஓர் அனுமதியால் ஒரு முதியவர் கவுண்டரிலிருந்து 'சிஸ்டத்தில் திறக்கவில்லை, நாளை வாருங்கள்' என்ற பதிலோடு திரும்பலாம்.

மாணவர்களே, தரமணி முதல் சிறுசேரி வரை வரிசையாக நிற்கும் மென்பொருள் நிறுவனங்களில் நாளை உங்களிற் பலர் அமரப் போகிறீர்கள். இத்தகைய திரை ஒன்றை எழுதும் வேலை உங்களுக்கு வந்தால், கொடுக்கும் பொத்தானை ஐந்து நிமிடத்தில் எழுதிவிடுங்கள். திரும்பப் பெறும் பொத்தானுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்.

சிந்திக்க ஒரு கணக்கு

2-ஆம் தேதி ஆணையர் பல்லாவரம் அலுவலருக்கும், 3-ஆம் தேதி பெருங்களத்தூர் அலுவலருக்கும் ஒரே அனுமதியை வழங்கும் அதிகாரத்தோடு கொடுக்கிறார். 4-ஆம் தேதி பல்லாவரம் அலுவலர் ஓர் உதவியாளருக்கு அவ்வாறே கொடுக்கிறார். 5-ஆம் தேதி உதவியாளர் பில் கலெக்டருக்குக் கொடுக்கிறார். 6-ஆம் தேதி பெருங்களத்தூர் அலுவலரும் அதே உதவியாளருக்குக் கொடுக்கிறார். 8-ஆம் தேதி ஆணையர் பல்லாவரம் அலுவலரிடமிருந்து அனுமதியைத் திரும்பப் பெறுகிறார். உதவியாளர், பில் கலெக்டர் ஆகியோர் நிலை என்ன?

விடை: நேர முத்திரை விதிப்படி உதவியாளருக்கு 6-ஆம் தேதிய அனுமதி மிஞ்சும், 5-ஆம் தேதியே அவர் கொடுத்தது செல்லாது, பில் கலெக்டர் அனுமதி இழப்பார். 1992-ஆம் ஆண்டு விதிப்படி சங்கிலி பெருங்களத்தூர் வழியாக ஆணையரை எட்டுவதால் இருவருக்கும் அனுமதி நீடிக்கும். இவற்றுள் எது நியாயம் என்று உங்கள் நண்பர்களோடு வாதிட்டுப் பாருங்கள்.